செல்லுக்கு எத்தனை சார்ஜ்?

ஆவணி முகூர்த்தத்தில் எங்கள் உறவில் நடந்த வேடிக்கையை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில். என் ஓர்ப்படியின் பெண் திருச்சியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். தாலி கட்டி முடிந்ததோ இல்லையோ, பட்டுப் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்குப் புறப்பட்டுவிட்டாள்.

"சாப்பிடாமல் எங்கேடி ஓடறே?" என்றாள் அம்மாக்காரி.

"செல்லுக்குச் சாப்பாடு போடணும் அம்மா. இன்னிக்கு விட்டால் செத்துப் போயிடும்!"

என் ஓர்ப்படி ஒரு கணம் யோசித்தாள். பிறகு தன் கைப்பையிலிருந்து டெலிபோனை எடுத்து நீட்டினாள். "இதிலே நிறைய சார்ஜ் இருக்கு. இதை எடுத்துண்டு போய்ப் பேசேன். அதுக்காகப் பந்தியை விட்டுட்டு ஓடணுமா?"

பந்தி முழுவதும் சிரித்தது. பெண்ணும் சிரித்தாள். "நான் சொல்ற செல்லிலேயும் சார்ஜ் சமாசாரந்தான் அம்மா. ஆனால் அதைச் சுவரிலே சொருக முடியாது" என்று சொல்லிவிட்டுப் பஸ் பிடிக்க ஓடினாள்.

எனக்கு இந்தப் பதில் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த வாரம் திருச்சி பெரிய கடை வீதியில் ஒரு வேலை இருந்தது. அதை முடித்துக்கொண்டு அவளுடைய ஆராய்ச்சிக்கூடத்துக்கே போய் நின்றேன். செருப்பைக் கழற்றச் சொல்லி, கோவிலுக்குள் விடுவதைவிடக் கறாராக உள்ளே விட்டார்கள்.

ஒரு மூலையில் ரெஃப்ரிஜிரேட்டர் மாதிரி ஒரு பெட்டி. ஆனால் உள்ளே குளிர்ச்சி இல்லை. 37 டிகிரி, நம் உடம்புச் சூடு. அதற்குள் தட்டையான பிளாஸ்டிக் குப்பிகளில் ரோஜாப்பூ நிறத்தில் ஒரு தண்ணீர். செல்கள் சாப்பிடச் சாப்பிட அதில் புளிப்பு ஏறும், நிறம் மஞ்சளாகும். மஞ்சளாகிவிட்டால் ரசத்தை மாற்ற வேண்டும். கல்யாணத்தன்று அவள் ஓடியது இதற்குத்தான். அந்த ரசத்தில் கன்றுக்குட்டியின் ரத்தத்திலிருந்து எடுத்த சத்தும் சேர்கிறதாம். அதை நான் என் ஓர்ப்படியிடம் இன்று வரை சொல்லவில்லை.

குப்பியை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினாள். கூழாங்கற்களை நெருக்கி அடுக்கிய மாதிரி, தீவு தீவாக என்னென்னவோ ஒட்டிக்கொண்டிருந்தன.

"இது யாரோடது?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. 'இது என்ன' என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்?

"ஒரு பெண்மணியோடது, சித்தி. 44 வயசு. பெருங்குடலிலே புற்று. 1964-லே அமெரிக்காவிலே ஃபோக் என்கிற விஞ்ஞானி அந்தக் கட்டியிலிருந்து எடுத்து வளர்க்க ஆரம்பிச்சார். எச். டி. 29னு பேர். இன்னும் வளர்ந்துண்டே இருக்கு."

நம் நாட்டு ஆராய்ச்சிக்கூடங்களுக்கு இப்படிப்பட்ட செல்களைப் புனாவிலுள்ள தேசிய உயிரணு அறிவியல் மையம் வளர்த்துக் கொடுக்கிறது. அங்கிருந்து வந்த விதைதான் திருச்சியில் முளைத்திருக்கிறது. அந்தப் பெண்மணியின் பெயரை எங்கும் போடுவதில்லை, எண் மட்டும். அவளுக்குக் குழந்தைகள் உண்டோ, தளிகை உள்ளில் என்ன பாட்டு முணுமுணுப்பாளோ, யார் கண்டார்கள்? அவளுடைய குடலின் ஒரு துளி காவேரிக் கரையில் ரோஜா நிற ரசம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. எனக்கு 44 வயது நடந்தபோது என் பெரிய கவலை மோர் மிளகாய் வற்றல் காயவில்லை என்பதுதான்.

சரி, சார்ஜ் கதைக்கு வருகிறேன்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரை லட்சம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ, அதைவிடவும் மெல்லியது. அதன் உட்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் நடுவே எப்போதும் ஒரு மின் அழுத்தம் நிற்கிறது. நரம்புச் செல்லில் சுமார் 70 மில்லிவோல்ட்; டார்ச் விளக்கு பாட்டரியில் இருபதில் ஒரு பங்கு. "ப்பூ, இவ்வளவுதானா?" என்று நினைக்காதீர்கள். சவ்வு அத்தனை மெல்லியதாக இருப்பதால், மீட்டர்க் கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய ஒரு கோடி வோல்ட் ஆகிறது. காற்றில் மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் ஏறினாலே பொறி பறந்துவிடும்! நாம் பாட்டுக்கு உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறோம்.

இந்த அழுத்தம் எப்படி நிற்கிறது? திருச்சி ஜில்லாக்காரர்களுக்கு இதைச் சொல்ல முக்கொம்பு போதும். காவேரி அங்கே இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போகும் கொள்ளிடம் பள்ளமானது. சும்மா விட்டால் தண்ணீரெல்லாம் அதில் இறங்கி ஓடிவிடும். தஞ்சாவூர் காய்ந்து போகும். அதற்காகத்தான் 1836-ல் ஆர்தர் காட்டன் துரை கொள்ளிடத்தின் குறுக்கே அணை கட்டினார். மதகுகள் நின்றால் மேலே ஒரு மட்டம், கீழே ஒரு மட்டம். அந்த வித்தியாசத்தில்தான் வாய்க்கால்களின் உயிர் இருக்கிறது. 2018 ஆகஸ்ட் 22-ஆம் தேதி இரவு ஒன்பது மதகுகள் பிய்த்துக்கொண்டு போனபோது நம் ஊர் எப்படித் தவித்தது என்று நினைவிருக்கும்.

செல்லிலும் அப்படித்தான். வெளியே சோடியம் அதிகம். உள்ளே பொட்டாசியம் அதிகம். சவ்வில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மதகுகள் இருக்கின்றன. பொட்டாசியம் தன் மதகு வழியே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிவதால்தான் உள்பக்கம் எதிர் மின்னாகிறது. கசிந்துகொண்டே இருந்தால் மட்டம் சரிந்துவிடாதா? சரியாமலிருக்க ஓர் ஏற்றம் ஓய்வில்லாமல் இறைக்கிறது. மூன்று சோடியத்தை வெளியே தள்ளும், இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். டென்மார்க்கில் ஸ்கோ என்பவர் 1957-ல் நண்டின் நரம்பில் இதைக் கண்டுபிடித்தார். நாற்பது வருஷம் கழித்து, 1997-ல், நோபல் பரிசு வந்தது. நாம் சும்மா படுத்திருக்கும்போது செலவாகும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு இந்த இறைப்புக்கே போய்விடுகிறது. 'சும்மாதானே இருக்கே' என்று வீட்டில் யாராவது சொன்னால் இனிமேல் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

இத்தனை சின்ன மின்சாரத்தை எதை வைத்து அளப்பது? 1949-ல் லிங், ஜெரார்ட் என்ற இருவர், முனை கண்ணுக்கே தெரியாத கண்ணாடி ஊசியைத் தவளையின் தசைச் செல்லுக்குள் குத்திச் செல் சாகாமல் அளந்தார்கள். இரண்டு வருஷம் கழித்து உஸ்ஸிங் என்ற டேனிஷ்காரர் தவளைத் தோலை இரண்டு அறைகளுக்கு நடுவே திரைபோல மாட்டி, உப்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவதை மின்சாரமாகவே கணக்கெடுத்தார். குடலை ஆராய்கிறவர்களுக்கு இன்றைக்கும் அந்த அறைதான் படியும் மரக்காலும். 1976-ல் ஜெர்மனியில் நேயர், சக்மான் இருவரும் ஊசி முனையைச் சவ்வின்மேல் ஒட்டி உறிஞ்சி, ஒரே ஒரு மதகு திறந்து மூடுவதைக்கூடப் பிடித்துவிட்டார்கள். எங்கள் பெண் செய்வது இவற்றைவிடச் சிக்கனமான வழி. செல்லுக்கு ஒரு சாயம் கொடுக்கிறாள். சார்ஜ் குறைந்த செல்லுக்குள் சாயம் அதிகமாக நுழைந்து பளிச்சென்று ஒளிவிடும். சார்ஜ் நிறைந்த செல் மங்கலாக இருக்கும்.

"அப்போ புற்றுச் செல்லெல்லாம் பளிச்சுன்னு இருக்குமா?" என்றேன்.

"அவ்வளவு சுலபமா இருந்தால் எனக்கு எப்பவோ டிகிரி கிடைச்சிருக்கும், சித்தி."

விஷயம் இதுதான். 1971-ல் அமெரிக்க விண்வெளி ஸ்தாபனமான நாஸாவில் வேலை பார்த்த கிளாரன்ஸ் கோன் என்பவர் ஒரு யோசனை சொன்னார். வேலையில் நிலைத்துவிட்ட செல்கள் சார்ஜை உயர்த்தி வைத்துக்கொள்கின்றன. ஓயாமல் இரண்டாகப் பிரியும் செல்களில் சார்ஜ் தாழ்ந்திருக்கிறது. புற்றும் அந்த ஜாதிதான் என்றார். பிரிவதையே நிறுத்திவிட்ட நரம்புச் செல்களைக்கூட, சார்ஜைத் தாழ்த்தி வைத்துப் பிரியத் தூண்டியதாக 1976-ல் எழுதினார். 1980-களில் எலிகளுக்குப் பெருங்குடல் புற்று உண்டாக்கும் ரசாயனத்தைக் கொடுத்துப் பார்த்த டாக்டர்கள், கட்டி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே குடல் சுவரின் மின் அழுத்தம் மாறுவதைக் கண்டார்கள். 2013-ல் தவளைக் குஞ்சுகளில், சார்ஜைக் கூட்டும் மதகுகளைப் புகுத்தியபோது கட்டிகள் உண்டாவது குறைந்தது.

இதையெல்லாம் கேட்டால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் எச். டி. 29 செல்லை ஊசி வைத்து அளந்தவர்களுக்குச் சுமார் 50 மில்லிவோல்ட் கிடைத்திருக்கிறது. அது ஒன்றும் செத்த பாட்டரி அல்ல. அதுவும் ஒரே குப்பிக்குள் ஒரு செல்லுக்கும் மறு செல்லுக்கும் வித்தியாசப்படுகிறது. பிரியும் வேளையில் ஏறி இறங்குகிறது. சார்ஜ் குறைந்ததால் செல் கெட்டதா, கெட்டதால் சார்ஜ் குறைந்ததா என்பதுதான் பெண்ணின் வழக்கு. மாமியார் மருமகள் சண்டையில் யார் ஆரம்பித்தது என்பது போல. குடலில் மீட்டர் வைத்துப் புற்றைக் கண்டுபிடிக்கும் வைத்தியம் ஆஸ்பத்திரிகளில் வழக்கத்துக்கு வரவில்லை.

ஆனாலும் இந்தப் புற்றுச் செல்களால் நமக்கு ஓர் உபகாரம் உண்டு. பெருங்குடல் தினமும் ஒன்றரை லிட்டர் தண்ணீரை வாங்கி, அரைக்கால் லிட்டர் போல விட்டுவிட்டு மீதியை உடம்புக்கே திருப்பிக் கொடுக்கிறது. சோடியம் உள்ளே போக, தண்ணீர் பின்னாலேயே போகும். காலரா வந்தால் இது தலைகீழாகிறது. கல்கத்தாவில் சம்பு நாத் டே என்ற டாக்டர் 1959-ல் காட்டினார்: கிருமி விடும் நஞ்சே பேதிக்குக் காரணம் என்று. அந்த நஞ்சு செல்லுக்குள் எந்த மதகைத் திறக்கிறது என்பதை டி. 84 என்ற இன்னொரு பெருங்குடல் புற்றுச் செல்லைத் திரைபோல வளர்த்துத் தெரிந்துகொண்டார்கள். குளோரைடு மதகு திறந்தபடி நின்றுவிடுகிறது. உப்பும் தண்ணீரும் கொட்டுகின்றன.

பேதியைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் நம் வேலூரைச் சொல்லாமல் விட முடியாது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராமகிருஷ்ணாவும் அவர் கூட்டாளிகளும் காலரா கண்ட 48 பேரை மூன்று பிரிவாக்கிப் பார்த்தார்கள். உப்புச் சர்க்கரைத் தண்ணீரோடு, எளிதில் ஜீரணமாகாத ஒருவகை மக்காச்சோள மாவைச் சேர்த்துக் கொடுத்த பிரிவுக்குப் பேதி சீக்கிரம் நின்றது. 2000-ஆம் வருஷம் வெளியான ஆராய்ச்சி இது. சிறுகுடலில் கரையாத மாவு பெருங்குடலுக்கு வருகிறது. அங்கே குடியிருக்கும் கிருமிகள் அதைப் புளிக்க வைத்து ஒரு கொழுப்பு அமிலமாக்குகின்றன. பெருங்குடல் செல்லுக்கு அதுதான் பிரியமான ஆகாரம். சோடியத்தையும் தண்ணீரையும் அது உள்ளே இழுத்து வருகிறது. எச். டி. 29 செல்லுக்கு அதே அமிலத்தை ஊற்றினால் பெருகுவது தணிந்து, கொஞ்சம் ஒழுங்கான குடல் செல் மாதிரி நடந்துகொள்கிறது.

இதை நான் வீட்டுக்கு வந்து கீரை ஆய்ந்துகொண்டே சொன்னபோது என் ஓர்ப்படி துள்ளினாள். ஆறிய சாதத்தில் அந்தக் கரையாத மாவு கொஞ்சம் கூடுகிறது என்றும் சொல்லியிருந்தேன்.

"பழையது சாப்பிட்டால் கான்ஸர் வராதுன்னு சொல்லு!"

அப்படியில்லை. குடல் புற்று பரம்பரையாக வரக்கூடிய குடும்பங்களைச் சேர்ந்த 900-க்கு மேற்பட்டவர்களை வைத்து ஒரு பெரிய பரீட்சை நடந்தது. அவர்களில் பாதிப் பேர் தினம் 30 கிராம் அந்த மாதிரி மாவு சாப்பிட்டார்கள். 2022-ல் முடிவு வெளியாயிற்று. குடல் புற்று குறையவில்லை. வேறு சில உறுப்புகளில் வரும் புற்று குறைந்திருந்தது. பழையது நல்ல ஆகாரம், மருந்தல்ல.

கீரைக் கட்டு முடிந்தும் என் ஓர்ப்படி எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த ஒரு செம்பு வளையத்தைத் திருகிக்கொண்டே இருந்தாள். வீடு தேடி வந்த ஒருவரிடம் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கியது. "உடம்பு மின்சாரத்தைச் சமன்படுத்தும், அசதி போகும்" என்றாராம்.

"அந்த ஊசியை அவள் என் வயித்திலே வைச்சுப் பார்க்க முடியுமோ?" என்றாள் மெதுவாக.

"என்ன மன்னி, விளையாட்டா?"

விளையாட்டில்லை. ஐந்து மாதமாக ரத்தம் போகிறதாம். மூலம் என்று எண்ணிக் கருணைக்கிழங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, அதற்குத்தான் வளையம். வயது 58. மாதவிலக்கு நின்று எத்தனையோ வருஷமாகிவிட்ட பெண்ணுக்கு ரத்தசோகை எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மகள் தினமும் காலையில் எழுந்து பெருங்குடல் செல்லுக்குச் சோறு போட ஓடுகிறாள். இவள் வாசலில் நின்று கையசைக்கிறாள்.

"இதையெல்லாம் குழந்தைகிட்டே எப்படிச் சொல்றது?"

எனக்கு டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டியின் ஞாபகம் வந்தது. பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்தவர் அவர். அவருடைய தங்கையை இளம் வயதிலேயே கொண்டுபோனது மலக்குடல் புற்றுதான். அக்கா டாக்டர், அப்படியும் காப்பாற்ற முடியாமல் போயிற்று. அந்தத் துக்கத்தை அவர் முப்பது வருஷம் சுமந்து, 1954-ல் அடையாறில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் திறந்தார். அந்தக் காலத்தில் பெருங்குடல் முழுவதையும் குழாய் விட்டுப் பார்க்க வழியில்லை. இன்றைக்கு இருக்கிறது, மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக்கூடக் காட்டும் பரிசோதனையும் இருக்கிறது. ரத்தம் போனாலும், வழக்கமாகப் போகும் நேரமும் விதமும் மாறி வாரக்கணக்கில் அப்படியே இருந்தாலும், காரணமில்லாமல் இளைத்தாலும், ரத்தசோகை என்று மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தாலும், "குடலைப் பார்க்க வேண்டாமா, டாக்டர்?" என்று நாமே கேட்கலாம். கூடப் பிறந்தவர்களுக்கோ பெற்றவர்களுக்கோ வந்திருந்தால் வயது பாராமல் கேட்க வேண்டும்.

அன்று சாயங்காலம் நான்தான் பெண்ணுக்குப் போன் செய்தேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அரை மணியில் ஆட்டோவில் வந்து இறங்கினாள். அம்மாவின் கையிலிருந்த வளையத்தைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, "நாளைக்கு வெறும் வயித்திலே கிளம்பணும்" என்றாள். கோபித்துக்கொள்வாள் என்று என் ஓர்ப்படி பயந்தாள். இரவு நான் குடிக்கத் தண்ணீர் எடுக்கப் போனபோது அந்தப் பெண் சமையலறை இருட்டில் உட்கார்ந்திருந்தாள்.

ஹீமோகுளோபின் எட்டுதான் இருந்தது. குழாய் விட்டுப் பார்த்ததில் பெருங்குடலில் இரண்டு சதை வளர்ச்சிகள். ஒன்று கட்டைவிரல் நுனியளவு. அப்போதே சுருக்குப் போட்டு எடுத்துவிட்டார்கள். பரிசோதனை முடிவு வரப் பத்து நாளாயிற்று. அந்தப் பத்து நாளும் எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. பெரிய வளர்ச்சியின் தலையில் மட்டும் கெட்ட செல்கள் இருந்தன, காம்புக்கு இறங்கவில்லை. வேறு அறுவை வேண்டாம், சொன்ன தேதியில் மறுபடி வந்து பார்த்தால் போதும் என்றார் டாக்டர். இன்னும் ஆறு மாதமோ ஒரு வருஷமோ வளையத்தை நம்பிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

போன வாரம் என் ஓர்ப்படியே ஆராய்ச்சிக்கூடத்தைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பினாள். செருப்பைக் கழற்றினாள், மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அந்த 44 வயதுப் பெண்மணியின் கதையையும் மகள் சொன்னாள்.

"பாவம்" என்றாள் என் ஓர்ப்படி. பிறகு குப்பியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "என்னடி இது, மஞ்சளா ஆயிண்டு வரது! பேசிண்டே நிக்கறியே, முதல்லே இதுக்குச் சாப்பாட்டைப் போடு."